வேப்பெண்ணெய் தடவிய ஒயர்

எங்கள் சம்பந்தி சின்னப்பையனுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பிறவியில் வந்ததில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒயரைக் கடித்துக் கடித்து வந்தது. ஒயர் நுனியை அந்தப் பள்ளத்தில் வைத்து, கீழ்ப்பல்லால் அழுத்தி, ஒரு இழுப்பு இழுப்பார். மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை வாயில் நிற்கும், உள்ளே இருக்கிற செம்புக் கம்பி பளபளவென்று கையில் வரும். உறையை இடது பக்கமாகத் துப்புவார். அவர் வேலை செய்துவிட்டுப் போன இடத்தில் சிவப்பும் கறுப்புமாகக் குட்டிக் குட்டிக் குழாய்கள் தரையெல்லாம் கிடக்கும்.

என் பேத்தி எழில்மொழிக்கு அந்தப் பள்ளம் என்றால் உயிர். அவர் தூக்கினால் போதும், நேராக அவர் வாய்க்குள் விரலை விட்டு அந்த இடத்தைத் தேடுவாள். அவருக்கும் அவள் பேத்திதான். என் மகன் ஜெயவேல் கட்டியிருப்பது அவர் மகள் நர்மதாவை. நர்மதாவுக்கு அம்மா இல்லை. சின்னப்பையன் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் தனி ஆள், தானே சோறு வடித்துத் தின்கிறவர். அங்கே தலைப்பிரசவம் எப்படிப் பார்ப்பது? என் வீட்டுக்காரி குப்பம்மா, பொண்ணு இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதனால் பேத்தி பிறந்த நாளிலிருந்து ராயபுரத்தில், கல்மண்டபத்துப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் காசிமேட்டில் நாற்பது வருஷம் ஐஸ் தூக்கியவன். ஒரு பாளம் ஐம்பது கிலோ வரும். கொக்கி போட்டு இழுத்து, முதுகில் ஏற்றி, வண்டியில் அடுக்க வேண்டும். அதற்கெல்லாம் அசராத நான், ஆஸ்பத்திரியில் இந்த மூன்று கிலோவைக் கொடுத்தபோது சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வாங்கினேன். நர்ஸ் பார்த்துச் சிரித்தாள். நல்ல பங்குனி வெயில். வார்டில் விசிறிகூட வெந்நீர்க் காற்றைத்தான் வீசியது. எனக்கு மட்டும் ஐஸ் கம்பெனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

இப்போது முதுகு வலியால் வேலையை விட்டுவிட்டேன். பகலெல்லாம் பேத்தி என்னிடம். சாயங்காலம் சின்னப்பையன் பஸ் பிடித்து வருவார். கை, கால், முகம் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவளைத் தொடுவார். யாரைப் பார்த்து அதிகம் சிரிக்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் ஒரு போட்டி. பகல் முழுக்க நான் காக்கா காட்டி, குருவி காட்டித் தொண்டை வற்றியிருப்பேன். இவர் வந்து ஒரு தடவை வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார், அவ்வளவுதான். கெக்கெக்கென்று சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம் சின்னப்பையன் வந்தார். கால் கழுவவில்லை. குழந்தையைக் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். அவர் வேலை செய்வது தேவப்பிரியம் அண்ணாச்சியிடம். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ராயபுரத்தில் எலக்ட்ரிகல் சாமான் கடையும், அதோடு லைசென்ஸ் வாங்கி கான்ட்ராக்டும் வைத்திருக்கிறார். எண்ணூரில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. அதில் இருக்கிற அத்தனை போர்டும் சின்னப்பையன் கைபட்டு ஏறியவை. லைசென்ஸ் அண்ணாச்சி பெயரில் இருந்தது, வேலை இவர் கையில் இருந்தது, இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. இப்போது கிடங்கில் புது மேனேஜர். தை முதல் தேதியிலிருந்து அரசாங்க சர்டிபிகேட் இல்லாத ஆள் போர்டைத் தொடக்கூடாது, கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டாராம்.

அண்ணாச்சி கூப்பிட்டுச் சொன்னதை சின்னப்பையன் அவர் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். "நான் ஒன்ன விடமாட்டேன்னு சொல்லல, கேட்டியா. கேட்டுல நிக்கவன் விடமாட்டான். தைக்குள்ள பரீட்ச எழுதி சர்டிபிகேட் வாங்கிட்டு வா. இல்லன்னா வெளிய நின்னு ஒயர்ச் சுருள உருட்டிக் குடுக்க வேலதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் டெஸ்டரைப் பையில் போட்டார். "நான் மாட்டுன போர்டு, சம்பந்தி. அத்த நான் தொடக்கூடாதாம். அம்பத்தினாலு வயசுல நான் எங்க போயி பரீட்ச எழுதறது?"

நர்மதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போனில் தேடினாள். மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. பெரிய படிப்புக் கேட்கவில்லை. அஞ்சு வருஷம் வேலை செய்ததாக ஒரு கான்ட்ராக்டர் எழுதித் தர வேண்டும். ஐ.டி.ஐ.யில் சாயங்கால வகுப்புக்குப் போக வேண்டும், அப்புறம் செய்முறைப் பரீட்சை. அவள் படிக்கப் படிக்க இவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. உதவியாளர் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"உதவியாளர்னா ஹெல்பர்தானே?"

"ஆமா நைனா."

"முப்பத்தி ரெண்டு வருசம் மேஸ்திரியா இருந்துட்டு, பரீட்ச எழுதி பாசாயி, ஹெல்பர் ஆவப்போறேன்."

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது. அப்புறம் அவரும் எழுந்து கால் கழுவப் போனார்.

முப்பத்திரண்டு வருஷம் என்று அண்ணாச்சி தாராளமாகவே எழுதிக் கொடுத்தார். ஆடி மாசம் வகுப்பு தொடங்கியது.

முதல் நாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டார்களாம். சின்னப்பையன் யார் என்று கேட்டபோது, நரைத்த மீசையோடு இவர் கையைத் தூக்கினார். இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பே சிரித்தது. பாடம் நடத்தியது ஷாஸியா என்கிற டீச்சர், நர்மதாவைவிட ஒரு வயது இரண்டு வயது மூத்தவராக இருப்பார். அவர் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாராம். அய்யா, ஒரு ஒயரைத் தொடுவதற்கு முன்னால் முதலில் என்ன செய்வீங்க?

இவர் யோசிக்கவே இல்லை. செருப்புப் போட்டுக்குவேன் என்றார்.

வகுப்பு இன்னொரு தடவை சிரித்தது. டீச்சர் கரும்பலகையில் மெயினை ஆஃப் செய்வது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். சின்னப்பையன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, விரலின் பின்பக்கத்தால் ஒயரை ஒரு தட்டு தட்டி, கரண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற ஆள். விரலின் உள்பக்கத்தால் தொட்டால் கை மூடிப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் என்றால் உதறிவிடும். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். அவர் தோஸ்துகள் எல்லோருக்கும் அதே. டெஸ்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரிச் சொருகிக்கொள்வதோடு சரி.

இரண்டாம் நாள் ஒயரைப் பல்லில் வைத்தார். டீச்சர் வந்து மேஜையைத் தட்டினார். பரீட்சையில் ஒயர் வாய்க்குப் போச்சுன்னா அந்த இடத்திலேயே மார்க்கு போச்சு, பார்க்கிறவர் கண்டிப்பானவரா இருந்தா எழுந்து போகச் சொல்லிடுவார் என்று எச்சரித்து, உறை உரிக்கிற ஸ்ட்ரிப்பரைக் கையில் கொடுத்தார். இவர் அதை, யாருடைய சாவிக்கொத்தோ கையில் வந்துவிட்ட மாதிரிப் பார்த்திருக்கிறார்.

இதற்கு நடுவில் வேறொரு தொல்லை. வகுப்பு ஆறிலிருந்து எட்டு. அது பேத்தியைப் பார்க்கிற நேரம். எட்டுக்கு முடித்துவிட்டு வந்தால் அவள் தூங்கியிருப்பாள். ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றார். இன்று வகுப்பு இல்லை என்றார். செவ்வாய்க்கிழமையும் இல்லை என்றார். புதன்கிழமை வந்து, டீச்சருக்கு ஜுரம் என்றார். குழந்தையை நெஞ்சில் படுக்கவைத்துக்கொண்டு, வாயைத் திறந்து பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது நர்மதா போனுக்கு அந்த டீச்சரே கூப்பிட்டார். அய்யாவுக்கு உடம்பு சரியில்லையா, மூன்று நாளாக வரவில்லையே என்று விசாரித்தார். இன்னும் இரண்டு நாள் விட்டால் பரீட்சைக்கே உட்கார முடியாதாம்.

நர்மதா போனை வைத்துவிட்டு வந்து, அவர் நெஞ்சிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"நைனா, சர்டிபிகேட்டு வாங்கற வரைக்கும் கிளாஸ் கீற நாளுல கிளாஸ் முடிச்சிட்டு வந்தாதான் புள்ள. இல்லன்னா உன் பேத்திய நீ போட்டோலதான் பாப்ப."

"எட்டு மணிக்கு தூங்கிடுதேம்மா."

"தூங்கறதப் பாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் விட்டத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சாயங்காலமும் பேத்தி எனக்கே என்கிற சந்தோஷம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமை எட்டரை மணிக்கு, பை தோளில் தொங்க, அவர் வந்து தொட்டில் பக்கத்தில் நின்று, தூங்குகிறவளைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மத்தியானம் அவளை மூன்று மணிக்குப் பதில் ஐந்து மணிக்குத் தூங்கவைத்தேன். எட்டரைக்குக் கொட்டக் கொட்ட முழித்திருந்தாள். நர்மதாவுக்கு ராத்திரி தூக்கம் போனது. யார் செய்த வேலை என்று அவள் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

வகுப்பு முடிந்து வந்ததும் எங்கள் கூடத்தில் பழகுவார். நான் ஒரு பலகையில் இரண்டு சுவிட்சும் ஒரு பல்பு ஹோல்டரும் முடுக்கிக் கொடுத்திருந்தேன். பரீட்சையில் பெரும்பாலும் மாடிப்படி ஒயரிங்தான் வருமாம். படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் நடுவில் இருக்கிற ஒரே பல்பு எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். அது சின்னப்பையனுக்குத் தூக்கத்தில்கூட வரும். வராதது ஒன்றே ஒன்று, பல்லை மறப்பது.

பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக வாய்க்குப் போகும். நாங்கள் மூன்று பேரும் காவல் இருந்தோம். நான் கனைப்பேன். நர்மதா "நைனா" என்பாள். அதற்குள் உறை பறந்திருக்கும். ஒருநாள் ஒன்பது ஒயரில் ஏழைக் கடித்துவிட்டார்.

குப்பம்மாதான் வழி கண்டுபிடித்தாள். குழந்தைக்குப் பால் மறக்கடிக்க என்ன செய்வோம், மாரில் வேப்பெண்ணெய் தடவுவோம் இல்லையா. ஒரு தடவை வாய் வைத்த குழந்தை அப்புறம் வைக்காது. அவள் எங்கள் ஜெயவேலுக்கு அப்படித்தான் மறக்கடித்தாள். அடுத்த நாள் அவர் வருவதற்குள் ஒயர்ச் சுருளை எடுத்து, வெட்டிவைத்த துண்டுகளின் இரண்டு நுனியையும் கிண்ணத்தில் இருந்த வேப்பெண்ணெயில் முக்கி, வடியவிட்டு, பழையபடி கட்டி வைத்துவிட்டாள். எங்களிடமும் சொல்லவில்லை.

அவர் வந்தார். உட்கார்ந்தார். டீச்சர் இன்று எர்த் பற்றி நடத்தியதைச் சொல்லிக்கொண்டே ஒயரை எடுத்துப் பள்ளத்தில் வைத்து இழுத்தார்.

அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. எழுந்து குழாயடிக்கு ஓடினார். கொப்பளிக்கிறார், கொப்பளிக்கிறார், தீரவில்லை. குப்பம்மா கையில் சர்க்கரை டப்பாவோடு பின்னால் நின்றாள்.

"இன்னாமா, ஒயர்ல இன்னாத்த தடவிகீற?"

"வேப்பெண்ணதாண்ணே. பச்சப் புள்ளயே ஒரே நாள்ல மறந்துடும். உங்களுக்கு எத்தினி நாள் ஆவுதுன்னு பாக்கறேன்."

பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் கையில் எடுத்த ஒயரை வாய்ப் பக்கம் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, முகர்ந்து பார்த்து, கீழே வைத்துவிட்டு ஸ்ட்ரிப்பரை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். பேத்தியின் கையைப் பிடித்து அதையும் தட்டவைத்தேன்.

பரீட்சை கார்த்திகையில் வந்தது. துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார். பேத்தியையும் கூட்டிவரச் சொன்னார், நர்மதா விடவில்லை. ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்புக்குப் பெரிய பெரிய கம்பி ஜன்னல்கள். வெளியே வராந்தாவில் நின்றால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். சத்தம் போடக்கூடாது என்று காவலாள் சொல்லியிருந்தார். ஷாஸியா டீச்சர் உள்ளே ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று அவரும் வாயைத் திறக்கக்கூடாதாம். பரீட்சை பார்க்க வந்தவர் வேறு ஒரு இன்ஜினியர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக நின்று நின்று போனார்.

இரண்டு மணி நேரம். வந்தது அதே மாடிப்படி ஒயரிங்தான். சின்னப்பையன் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகை. என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார். ஸ்ட்ரிப்பரை எடுத்தார். ஒயரை உரித்தார், மாட்டினார், அடுத்ததை உரித்தார். ஒரு தடவைகூடக் கை வாய்க்குப் போகவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்துப் பலகைக்காரர்கள் பாதியில் நிற்கும்போது இவர் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்து, மூடியைப் போட்டுத் திருகி, கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

இன்ஜினியர் மற்ற பலகைகளைப் பார்த்துவிட்டு இவரிடம் வர இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. மெயினைப் போடச் சொன்னார். கீழ் சுவிட்சைத் தட்டச் சொன்னார்.

பல்பு எரியவில்லை.

மேல் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. பல்பைக் கழற்றி வேறு பல்பு போட்டார். அதுவும் எரியவில்லை.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருக்கு, பாருங்க என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். சின்னப்பையன் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் போட்ட ஒரு பல்பு எரியாமல் இருந்ததில்லை. எண்ணூர் கேட் என் கண்ணுக்கு முன்னால் மூடிக்கொண்டு வந்தது. அவர் வெளியே நின்று ஒயர்ச் சுருளை உருட்டுவது போலவும் தெரிந்தது.

அவர் வலது கை போர்டுப் பக்கம் போனது, விரல் மடங்கி, பின்பக்கம் முன்னால் நீட்டி. ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற அதே பழைய விரல். நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். விரல் ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு, நேராக மெயினுக்குப் போய் ஆஃப் செய்தார். மூலையில் டீச்சர் கட்டியிருந்த கையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு மூடியாகக் கழற்றினார். கண்ணால் பார்ப்பது, கையால் இழுத்துப் பார்ப்பது, ஸ்க்ரூவைத் தளர்த்திப் பார்ப்பது. டீச்சர் சொல்லிக் கொடுத்த வரிசை அது. முதல் சுவிட்சில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுவிட்சில் நடு ஒயரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்க்ரூ கடித்த தழும்பு செம்புக் கம்பியில் இல்லை. சிவப்பு உறைமேல் இருந்தது. ஒயரை உரித்தது போதவில்லை. கம்பி ஓட்டைக்குள் போயிருக்கிறது, ஆனால் ஸ்க்ரூ இறங்கியது பிளாஸ்டிக்மேல். இழுத்தால் வராது, இறுக்கமாகத்தான் இருக்கும், கரண்டு மட்டும் போகாது.

இவர் செய்கிற தப்பே இல்லை இது. பல்லால் உரித்தால் அளவு தானாக வரும். அந்தப் பள்ளத்திலிருந்து கட்டைவிரல் நகம் வரைக்கும், முப்பத்திரண்டு வருஷமாக ஒரே அளவு. அளவுகோலே பல்தான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேப்பெண்ணெய் தடவிப் பல்லை மறக்கடித்தோம், பல்லோடு அளவும் போய்விட்டது. ஸ்ட்ரிப்பரில் உரிக்கும்போது ஒயரை ஓட்டையில் வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னது அவசரத்தில் ஞாபகம் வரவில்லை.

இன்னும் ஏழெட்டு நிமிஷம் இருந்திருக்கும். அவர் ஒயரைத் தூக்கினார். கை மேலே போனது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, கை போவது அவருக்குத்தான் தெரியவில்லை. நுனி உதடு வரைக்கும் வந்துவிட்டது. இன்ஜினியர் இரண்டு பலகை தள்ளி, முகம் இந்தப் பக்கம். நான் கனைக்க வாயைத் திறந்தேன், காவலாள் பக்கத்தில் நிற்கிறார்.

உதட்டில் பட்டதும் அவர் முகம் குழாயடிக்கு ஓடிய அன்றைக்கு மாதிரியே சுருங்கியது. ஒயரில் ஒன்றும் இல்லை, ஐ.டி.ஐ. கொடுத்த புது ஒயர். ஆனாலும் சட்டென்று கையை இறக்கினார். ஒயரைச் சுவிட்ச் ஓட்டையோடு ஒட்டி வைத்து, நகத்தால் குறி போட்டு, ஸ்ட்ரிப்பரால் அந்தக் குறி வரைக்கும் உரித்து, மாட்டி, முடுக்கினார். மெயினைப் போட்டார்.

கீழ் சுவிட்ச். எரிந்தது. மேல் சுவிட்ச். அணைந்தது. மறுபடி மேல். எரிந்தது.

இன்ஜினியர் வந்து நான்கு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு மெயினை ஆஃப் செய்யச் சொல்லி மூடியைக் கழற்றிப் பார்த்தார். பெட்டிக்குள் ஒவ்வொரு ஒயரும் நான்கு விரல் நீளம் அதிகமாக விட்டுச் சுருட்டி வைத்திருந்தது. இது என்ன வீண் என்று கேட்டார். சின்னப்பையன் பதில் சொன்னது எனக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

"வீணில்ல சார். நம்ப ஏரியா உப்புக்காத்து ஒயரு மூக்க துன்னுடும். ரெண்டு வருசம் கயிச்சி எவனோ ஒருத்தன் வந்து அத்த வெட்டிட்டு மறுபடி மாட்டணும்ல. அவனுக்கு ஒயரு வோணும்."

இன்ஜினியர் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக டீக்கடைக்கு இழுத்துப்போய் சர்க்கரை அதிகம் போட்டு இரண்டு டீ சொன்னார். ஒரே மடக்கில் குடித்தார்.

"உதட்டுல வச்சேன் சம்பந்தி. வச்சதும் கசக்குது. நெஜமாவே கசக்குது."

"ஒயர்ல ஒண்ணியும் இல்லியே."

"உன் வூட்டம்மா என் நாக்குலயே தடவிகீறாங்க போல."

மார்கழி முடிகிற நேரம் தபால் வந்தது. எங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். நர்மதா உறையைப் பிரிக்காமல் ஆறு மணி வரைக்கும் வைத்திருந்தாள். பிரித்துப் படித்து, பாஸ் என்றதும் அவர் அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லை. பேத்தியை வாங்கிக்கொண்டார். உன் தாத்தா ஒருத்தர் ஹெல்பர் ஆகிவிட்டார் என்று அவள் காதில் சொன்னார். குப்பம்மா அன்று சேமியா பாயசம் வைத்தாள்.

கேட்டில் காட்டுவதற்கு என்று சர்டிபிகேட்டைச் சின்னதாக நகல் எடுத்து, கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து, நாடா கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். எழில்மொழிக்கு அந்த வாரம்தான் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. அரிசி மாதிரி. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிற நேரம். அவர் தூக்கியதும் வழக்கம்போல அவர் வாய்ப் பள்ளத்தைத் தேடவில்லை. கழுத்தில் தொங்கிய கார்டைப் பிடித்து மூலையில் வைத்து ஒரு கடி கடித்தாள். அவர் பிடுங்கவும் இல்லை. நன்றாக இரண்டு பல் பதிந்துவிட்டது.

குப்பம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, வேப்பெண்ண கிண்ணம் இன்னும் கீது. எடுத்துனு வரட்டா?"

தை முதல் தேதி லீவு. மாட்டுப்பொங்கல் எல்லாம் முடிந்து வேலை தொடங்கிய அன்று காலையில் எண்ணூருக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு என்றுதான் கூப்பிட்டார். பரீட்சைக்கு வந்தவன் இதற்கும் வர வேண்டாமா? தேவப்பிரியம் அண்ணாச்சியும் கேட்டில் நின்றிருந்தார், கையில் பெயர்ப் பட்டியல். செக்யூரிட்டி புது ஆள். ஒவ்வொருவர் கார்டையும் வாங்கிப் படித்துத்தான் உள்ளே விட்டார். இவர் முறை வந்தது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலையை விரலால் தடவினார். இது என்ன குழி குழியாக இருக்கிறது என்று கேட்டார்.

சின்னப்பையன் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டார். "பெரிய ஆபீசரு சீல் குத்திகீறாங்க. அவங்க குத்தலன்னா இந்தக் கார்டு செல்லாது."

செக்யூரிட்டி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். சிரிக்காமல் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பட்டியலில் பெயருக்கு நேரே ஒரு டிக் விழுந்தது. கேட் திறந்தது. பத்தடி போனதும் சின்னப்பையன் திரும்பி, பல்லைக் காட்டினார், அந்தப் பள்ளம் தெரிகிற மாதிரி. பிறகு போர்டு ரூம் பக்கம் நடந்தார். பையில் ஸ்ட்ரிப்பரின் சிவப்புக் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தேன். வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. இனி ஆறு மணி அடித்ததும் வந்து நிற்பார். அதுவரைக்கும் பேத்தி எனக்குத்தான்.